ஜாஸ் இசையில் பட்டப்படிப்பு: நான்கு ஆண்டுகளில் என்ன கற்பிக்கிறார்கள், கடன் வாங்கிப் படிக்கலாமா?

பிளஸ் 2 முடித்த மகனோ மகளோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கிட்டார் அல்லது டிரம்ஸ் படிக்கப் போவதாகச் சொன்னால், பெரும்பாலான இந்தியக் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, "வாசிப்பதற்குப் பட்டம் எதற்கு?" என்பதாகத்தான் இருக்கும். அது புறந்தள்ளத்தக்க கேள்வி அல்ல. இசைக் குழுவுக்கு ஆள் சேர்க்கும் எவரும் சான்றிதழைக் கேட்பதில்லை. ஆயினும் 'ஜாஸ் மற்றும் வணிக இசை நிகழ்த்துதல்' என்ற பெயரிலும் அதையொத்த பெயர்களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பட்டப்படிப்புகள் தொடர்ந்து நடைபெறுகின்றன. இந்தியாவிலிருந்தும் மாணவர்கள் சென்று சேர்கின்றனர். அங்கு கற்பிக்கப்படுவது என்ன, அதற்குக் கொடுக்கும் விலைக்கு அது ஈடாகுமா என்பதைப் பார்க்கலாம்.

பெயரை மறைத்துத் தொடங்கிய படிப்பு

அமெரிக்காவில் ஜாஸ் இசைக்கான முதல் பட்டப்படிப்பு 1947-ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் டென்டன் நகரில் தொடங்கியது. இன்றைய வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாக இருந்தது. ஜீன் ஹால் என்ற ஆசிரியர் அப்படிப்பை நடத்தினார். ஆனால் பாடத்திட்டத்தில் 'ஜாஸ்' என்ற சொல் இடம்பெறவில்லை. மது விடுதிகளோடும் நடன அரங்குகளோடும் சேர்த்துப் பேசப்பட்ட அந்தச் சொல் கல்விக்கூடத்துக்கு ஒவ்வாதது என்று கருதப்பட்டதால், 'நடன இசைக்குழு' என்ற பெயரில் படிப்பு அறிமுகமானது.

இதைவிடக் கசப்பான உண்மை ஒன்றும் உண்டு. ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. அதைப் பாடமாக வைத்த அதே கல்லூரி, இளநிலைப் படிப்புகளில் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது 1956-இல், நீதிமன்ற வழக்குக்குப் பிறகுதான்.

அங்குள்ள மாணவர் இசைக்குழுக்கள் அவை ஒத்திகை பார்க்கும் நேரத்தையே பெயராகக் கொண்டவை. பகல் 1 மணிக்குக் கூடும் 'ஒன் ஓ'கிளாக் லேப் பேண்ட்' அவற்றுள் முதன்மையானது. கிராமி விருதுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டது. எந்த மாணவர் எந்தக் குழுவில் வாசிப்பார் என்பதைத் தேர்வுச் சுற்று முடிவு செய்கிறது. 2 மணிக் குழுவில் இருப்பவர் 1 மணிக் குழுவில் இடம்பிடிக்க ஆண்டுக்கணக்கில் உழைப்பது அங்கு வழக்கம்.

பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரிக்கு வேறொரு தொடக்கம். பொறியியல் படித்த லாரன்ஸ் பெர்க் என்பவர் 1945-இல் 'ஷிலிங்கர் ஹவுஸ்' என்ற பெயரில் அதைத் தொடங்கினார். 1954-இல் தம் மகன் லீ பெர்க்கின் பெயரைத் திருப்பிப் போட்டு அதற்கு 'பெர்க்லி' எனப் பெயரிட்டார். சந்தையில் ஒலிக்கும் இசையையே பாடமாக நடத்துவது அதன் தொடக்ககால நோக்கம். இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானுக்கு 2014-இல் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிய கல்லூரி இதுதான்.

'வணிக இசை' என்பது எது?

சினிமா, தொலைக்காட்சி, விளம்பரம், மேடை நாடகம், பாடகர்களின் சுற்றுப்பயணம், கடல் சுற்றுலாக் கப்பல், திருமண வரவேற்பு என, கேட்பவர் பணம் கொடுத்துக் கேட்கும் எல்லா இசையும் இதில் அடங்கும். 'வணிகம்' என்ற சொல் சற்று இழிவாக ஒலிக்கலாம். அது இசையின் தரத்தைச் சுட்டுவதன்று. பணியின் தன்மையைச் சுட்டுவது. பாடலை முன்பின் கேட்டிராத ஒருவர் காலையில் ஸ்டுடியோவுக்கு வந்து, தாளைப் பார்த்து, பிசகின்றி வாசித்துவிட்டு, மதியம் வேறொரு பதிவுக்குச் செல்ல வேண்டும். இதுவே அப்பணி.

இது இந்தியாவுக்குப் புதிதன்று. 1930-களில் மும்பையின் தாஜ்மகால் ஹோட்டலில் அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் வாசித்தபோது, அவர்களோடு சேர்ந்தும் அவர்களுக்குப் பின்னரும் வாசித்தவர்களில் கோவாவைச் சேர்ந்தவர்கள் பலர். தேவாலயப் பள்ளிகளில் சிறுவயதிலேயே ஐந்து கோட்டு இசைக்குறியீட்டைப் படிக்கக் கற்றவர்கள் அவர்கள். சி. ராமச்சந்திராவுடன் பணியாற்றிய டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட், சங்கர்–ஜெய்கிஷன் பாடல்களுக்கு வாத்திய அமைப்பு எழுதிய செபாஸ்டியன் டிசோசா, லட்சுமிகாந்த்–பியாரேலால் இரட்டையரில் பியாரேலாலுக்கு வயலின் கற்பித்த ஆண்டனி கொன்சால்வஸ் என அந்தப் பட்டியல் நீளும். இந்தி சினிமாவின் வாத்திய ஒலியை உருவாக்கியதில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு. தேவாலயப் பள்ளியும் ஹோட்டல் மேடையும் இவர்களுக்குத் தந்த பயிற்சியைத்தான் இன்றைய பல்கலைக்கழகங்கள் நான்கு ஆண்டுகளில் தொகுத்துத் தர முயல்கின்றன என்று கூறலாம்.

தாளில் பாதி, காதில் மீதி

ஜாஸ் மாணவருக்குத் தரப்படும் தாள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான். 'லீட் ஷீட்' எனப்படும் அதில் பாடலின் மெட்டும், அதற்கு மேல் கார்ட் குறியீடுகளும் மட்டுமே இருக்கும். கார்ட் என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு. பியானோ கலைஞர் அதை எந்த வடிவில் வாசிப்பது, பாஸ் கலைஞர் எந்தச் சுரங்களின் வழியே நடப்பது, டிரம்ஸ் எங்கே அழுத்துவது என எதுவும் எழுதப்பட்டிருக்காது. மெட்டு ஒருமுறை வாசிக்கப்பட்டதும், அதே கார்ட் வரிசையின் மீது ஒவ்வொருவரும் தம் கற்பனையில் புதிய மெட்டைப் படைக்க வேண்டும்.

கர்நாடக இசை அறிந்தவருக்கு இது மனோதர்மத்தை நினைவூட்டும். ஒப்புமை சரியே, ஆனால் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கல்யாணி ராகத்தை ஆலாபனை செய்பவரின் காலடியில் தம்பூராவின் சுருதி அசையாமல் நிற்கிறது. ஜாஸ் கலைஞரின் காலடியில் தரையே நகர்கிறது. ஓர் அளவுக்கு ஒருமுறையோ இருமுறையோ கார்ட் மாறும். முந்தைய கணம் இனித்த சுரம் அடுத்த கணம் உறுத்தும். நிமிடத்துக்கு 200 தட்டுகள் என்ற வேகத்தில், நான்கு தட்டு கொண்ட ஓர் அளவு 1.2 விநாடியில் முடிந்துவிடும். அதற்குள் யோசித்து முடிவெடுக்க இயலாது. கை தானாகவே அங்கு சென்றிருக்க வேண்டும்.

எனவேதான், டி மைனர், ஜி, சி மேஜர் என வரும் மூன்று கார்ட் நகர்வை 12 சுருதிகளிலும் மாற்றி மாற்றி மாணவர்கள் பயில்கின்றனர். ஜாஸ் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் நகர்வு அது. பயிற்சி அறையில் தன்னை அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாசிப்பதை அமெரிக்கக் கலைஞர்கள் 'விறகுக் கொட்டகைக்குப் போவது' என்பார்கள். நம்மவர்கள் அசுர சாதகம் என்பது இதைத்தான்.

மற்றொரு முக்கியப் பாடம், கேட்டு எழுதுதல். சார்லி பார்க்கரோ மைல்ஸ் டேவிஸோ பதிவு செய்த ஒரு தனி வாசிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு, சுரம் சுரமாக எழுதி, அதே மூச்சிலும் அதே அழுத்தத்திலும் வாசித்துக் காட்ட வேண்டும். குருவுக்கு எதிரே அமர்ந்து பாடாந்தரம் செய்வதற்கு இது மிக அருகில் வருகிறது. இங்கே குரு ஒலித்தட்டில் இருக்கிறார், அவ்வளவுதான்.

வணிக இசைப் பிரிவில் நம்மவருக்கு எளிதாகப் புரியக்கூடிய ஒரு முறை உண்டு. நாஷ்வில் நகர ஸ்டுடியோக்களில் 1950-களின் இறுதியில் தோன்றிய 'நாஷ்வில் எண் முறை' அது. கார்ட்களை அவற்றின் பெயரால் எழுதாமல் 1, 4, 5 என எண்களால் எழுதுவார்கள். சி சுருதியில் 1, 4, 5 என்பவை சி, எஃப், ஜி ஆகும். பாடகர் குரல் எட்டவில்லை என்று ஏ சுருதிக்கு இறக்கச் சொன்னால், அதே எண்கள் ஏ, டி, இ ஆகிவிடும். தாளில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நான்கு கட்டையில் பாடினாலும் ஆறு கட்டையில் பாடினாலும் 'ச' என்பது 'ச' தானே; அதே தத்துவம்தான். நாஷ்வில் நகரிலுள்ள பெல்மான்ட் பல்கலைக்கழகம் வணிக இசையில் பட்டமே வழங்குகிறது.

இவை தவிர வாத்திய அமைப்பு எழுதுதல், ஒலிப்பதிவு மென்பொருள், பதிப்புரிமை, ராயல்டி, ஒப்பந்தம் ஆகியவையும் பாடங்களாக உள்ளன. ஒப்பந்தப் பாடத்தை மாணவர்கள் சலிப்போடு கடந்து செல்வதுண்டு. பின்னாளில் வருமானத்தைக் காப்பது பெரும்பாலும் அதுதான்.

சேர்வது எப்படி?

இசைப் பட்டங்களில் இரு வகை உண்டு. 'பேச்சலர் ஆஃப் மியூசிக்' தொழில்முறைப் பட்டம். இதில் பாடங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இசையே. இசையை முதன்மைப் பாடமாகக் கொண்ட 'பி.ஏ.' பட்டத்தில் பிற துறைப் பாடங்களுக்கு அதிக இடம் உண்டு. விளம்பரக் கையேடுகளில் இவ்விரண்டும் ஒன்றுபோல் தோன்றும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் பட்டத்தின் பெயரைக் கவனித்துப் பார்ப்பது நல்லது.

மதிப்பெண் பட்டியல் இங்கே இரண்டாம் இடத்தில்தான். வாசிப்புத் தேர்வே தீர்மானிக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் முதலில் காணொலிப் பதிவைக் கேட்டு, அதில் தேறுவோரை மட்டும் நேரிலோ இணையவழியிலோ அழைக்கின்றன. 12 அளவு கொண்ட ப்ளூஸ், மெதுவான பாடல் ஒன்று, வேகமான பாடல் ஒன்று, அவற்றின் மீது சொந்தக் கற்பனை, முன்பின் பாராத தாளைப் பார்த்து வாசித்தல் ஆகியவை பொதுவாக எதிர்பார்க்கப்படுகின்றன.

கர்நாடக இசைப் பயிற்சி பெற்ற மாணவருக்குத் தாளமும் காதும் பெரிய பலம். கொன்னக்கோல் தெரிந்தவருக்கு ஐந்தும் ஏழுமாக வரும் கணக்குகள் சிக்கலாக இரா. தடுமாற்றம் ஏற்படுவது ஐந்து கோட்டுக் குறியீட்டிலும் கார்ட் நகர்விலும்தான். இவ்விரண்டையும் அங்கு சென்று கற்றுக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவது, டாலரில் கட்டணம் செலுத்தி அரிச்சுவடி படிப்பதற்கு ஒப்பாகும். டிரினிட்டி, ராக்ஸ்கூல் போன்ற தரநிலைத் தேர்வுகளுக்கு இந்திய நகரங்களிலேயே தயாராகலாம். ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற நிறுவனங்களும் உள்ளன.

கற்றல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. ஆங்கிலேய ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். பின்னர் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் அவர் அமைத்த 'சக்தி' குழு, வெவ்வேறு கலைஞர்களுடன் பல பத்தாண்டுகள் தொடர்ந்து, 2024-இல் கிராமி விருது பெற்றது.

கட்டணமும் அதற்குப் பிறகும்

பெர்க்லியில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 டாலர். அதாவது 40 லட்சம் ரூபாய்க்கும் மேல். நான்கு ஆண்டுகளுக்கு ஒன்றரைக் கோடி ரூபாயைத் தாண்டும். தங்குமிடம், உணவு, காப்பீடு தனி. அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு. டெக்சாஸ் மாநிலத்தில் அதிகம் அறியப்படாத ஒரு விதி உண்டு: அரசுப் பல்கலைக்கழகம் போட்டி அடிப்படையில் வழங்கும் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகையைப் பெறும் வெளிநாட்டு மாணவருக்கு, உள்ளூர் மாணவருக்கான கட்டணத்தையே வசூலிக்க அது இடமளிக்கிறது. அந்த 1,000 டாலர், தன்னைப் போல் பல மடங்கு தொகையை மிச்சப்படுத்தும்.

ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலமோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ பெற்றுவருகிறது. ஆனால் இடங்கள் மிகக் குறைவு. நுழைவுத் தேர்வு கடினம். ஜெர்மன் மொழியும் தேவை.

படித்து முடித்தபின் என்ன? அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படித்தவர், பட்டத்துக்குப் பின் 12 மாதங்கள் தம் துறையில் பணியாற்றலாம். பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதங்கள் இசை நிகழ்த்துதல் பட்டத்துக்கு இல்லை. மென்பொருள் படிக்கச் சென்ற நண்பரின் கணக்கை வைத்து இசை மாணவரின் கடனைத் திட்டமிடும் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. நிலையான மாத வருமானம் தருவது பெரும்பாலும் கற்பித்தல். கச்சேரியும் ஒலிப்பதிவும் அதனோடு சேர்ந்து வருபவை. பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விரும்பினால் முதுநிலைப் பட்டம் ஏறத்தாழக் கட்டாயம்.

பட்டத்தை முடிக்காமலே புகழடைந்தோர் பலர் என்பதும் உண்மையே. சிதார் மேதை ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸ், வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பியானோ படித்து, இரண்டு ஆண்டுகளில் வெளியேறி நியூயார்க் சென்றார். குவின்சி ஜோன்ஸ் உதவித்தொகையுடன் பாஸ்டனில் படித்துக்கொண்டிருந்தபோதே, லயனல் ஹாம்ப்டன் குழு அழைக்கக் கிளம்பிவிட்டார். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர் இளநிலையில் படித்தது கணிதமும் இயற்பியலும். பியானோவைப் பெரும்பாலும் தாமே கற்றார். 2014 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியர். இவர்களைக் காட்டிப் படிப்பே வேண்டாம் என்பது சரியாகாது. குவின்சி ஜோன்ஸ் வெளியேறியபோது, அடுத்து வாசிக்கப்போகும் குழு அவருக்குத் தெரிந்திருந்தது. அத்தகைய சக கலைஞர்களைச் சந்திக்கும் இடம் என்பதே இக்கல்லூரிகளின் முதன்மை மதிப்பு எனத் தோன்றுகிறது. உதவித்தொகை கிடைத்தால் அந்த மதிப்புக்குச் செலவிடலாம். முழுத் தொகையையும், அதுவும் வீட்டை அடமானம் வைத்துக் கடனாகப் பெற வேண்டியிருந்தால், இந்தியாவில் இரண்டு ஆண்டுகள் பயின்று, குழுக்களில் வாசித்துப் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பதில் நட்டம் ஏதுமில்லை. இத்துறையில் 20 வயதில் முதலாமாண்டு சேர்வது தாமதமாகக் கருதப்படுவதில்லை.

ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் கல்வியாண்டுக்கான விண்ணப்பங்களை அமெரிக்கக் கல்லூரிகள் பொதுவாக முந்தைய நவம்பர் முதல் ஜனவரிக்குள் பெற்று முடிக்கின்றன. காணொலியை இடையில் வெட்டி ஒட்டாமல் ஒரே பதிவாக எடுக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. உடன் வாசிக்க டிரம்ஸ், பாஸ் கலைஞர்கள் கிடைக்காதவர்கள், அந்தந்தக் கல்லூரி அனுமதித்தால், பின்னணி இசைப் பதிவைப் பயன்படுத்தலாம்.