"அணையைத் திறக்காதீர்கள்!"
நொய்யல் ஆற்றில் கலந்த சாயத் தண்ணீரின் கதை

அணையைத் திறந்துவிடுங்கள் என்று விவசாயிகள் கேட்பதுதான் வழக்கம். "திறக்காதீர்கள், அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம்" என்று விவசாயிகள் கேட்ட அணை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. சென்னிமலைக்கு அருகே உள்ள ஒரத்துப்பாளையம் அணைதான் அது.

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியோடு கலக்கிறது. மழைக் காலத்தில் இந்த ஆற்றில் வரும் வெள்ளம் வீணாகக் கூடாது, ஈரோடு, கரூர் பகுதி நிலங்களுக்குப் பாய வேண்டும் என்றுதான் அணை கட்டினார்கள். 1992-ல் வேலை முடிந்தது. அணை நிரம்பவும் செய்தது. ஆனால் நிரம்பியது மழைத் தண்ணீர் மட்டும் அல்ல!

உப்பு எங்கிருந்து வந்தது?

திருப்பூர் பனியனைத் தெரியாதவர் யார்? 1980-க்குப் பிறகு அந்த ஊர்த் துணி கப்பல் ஏறி வெளிநாடுகளுக்குப் போயிற்று. வெள்ளைப் பனியன் போய், கலர் பனியன் வந்தது. கலர் வேண்டும் என்றால் சாயப்பட்டறை வேண்டும்.

பருத்தித் துணியில் சாயம் சும்மா ஒட்டாது. ஒட்ட வேண்டுமானால் தொட்டித் தண்ணீரில் ஏராளமாக உப்பைக் கொட்ட வேண்டும். சாயம் துணியில் ஏறிவிடும். உப்பு மட்டும் தண்ணீரிலேயே நின்றுவிடும். அந்தத் தண்ணீரை ஆற்றில் விட்டார்கள்.

சாக்கடை அழுக்காவது நாளடைவில் மட்கும். உப்பு மட்காது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் அதை எடுக்க முடியாமல் வீட்டில் பெண்கள் எவ்வளவு திண்டாடுகிறார்கள்! ஓர் ஆறே அப்படி ஆகிவிட்டால்? தண்ணீரின் நிறத்தைப் போக்கிக் காட்டுவது எளிது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், வாயில் வைத்தால் கரிக்கும். அணையில் தேங்கிய உப்பு நிலத்தடியில் இறங்கியது. சுற்று வட்டாரத்தில் கிணறுகள் கெட்டன. பயிர் கருகியது. கிணறு வைத்திருந்தவர்களே குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பல ஆண்டுகள் அணையில் தண்ணீர் தேக்குவதையே நிறுத்த வேண்டியதாயிற்று.

லிட்டருக்கு 6 காசு

சட்டம் இல்லாமலா இருந்தது? ஆறு, ஏரிகளைக் கெடுக்கக் கூடாது என்று 1974-லேயே மத்திய அரசு சட்டம் செய்தது. ஏட்டில் இருந்த சட்டம் ஆற்றுக்கு வர இத்தனை ஆண்டு ஆயிற்று!

நொய்யல் பாசன விவசாயிகள் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கெடுத்தவர்கள்தான் ஆற்றையும் அணையையும் சுத்தம் செய்யும் செலவைக் கொடுக்க வேண்டும் என்றது கோர்ட்டு. வெளியே விடும் கழிவு நீருக்கு 2007 ஜனவரி முதல் லிட்டருக்கு 6 காசு அபராதம். பிறகு 8 காசு. அதன் பிறகு 10 காசு. 6 காசு என்ன பெரிய காசு என்று நினைக்காதீர்கள். நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் விடுகிற பட்டறைக்கு அது தினம் 6,000 ரூபாய்!

ஆலைக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2009-ல் அங்கும் விவசாயிகள் பக்கமே தீர்ப்பாயிற்று. அப்படியும் சாய நீர் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ந்தேதி, சாயப்பட்டறைகளை மூடும்படி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அவற்றில் கூலி வேலை செய்தவர்கள் பாடு பெரும்பாடு. ஆற்றைக் கெடுத்து அவர்கள் மாடி கட்டவில்லை. ஆனால் முதலில் பட்டினி கிடந்தவர்கள் அவர்கள்தான்.

ஒரு சொட்டும் வெளியே போகாமல்

பட்டறைகள் திறக்க வேண்டுமானால் ஒரே நிபந்தனை: ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியே போகக் கூடாது. பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சரி செய்தன. தமிழக அரசு வட்டி இல்லாக் கடன் கொடுத்தது.

அங்கே என்ன நடக்கிறது? முதலில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. பிறகு மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறார்கள். நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வரும், உப்பு நீர் மறுபக்கம் நிற்கும். உப்பு நீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். தண்ணீரும் உப்பும் மறுபடி சாயத் தொட்டிக்கே போகின்றன. காய்ச்சுவதற்கு எரிபொருளும் மின்சாரமும் ஏராளம் பிடிக்கும். அந்தச் செலவு பனியன் விலையில்தான் ஏறும். முன்பு அந்தச் செலவை விவசாயியின் கிணறு கொடுத்துக்கொண்டிருந்தது.

வேலை முடிந்துவிடவில்லை. ஊர்ச் சாக்கடை இன்னும் நொய்யலில் கலக்கிறது. மறைவாகச் சாய நீர் விடும் பட்டறைகள் அவ்வப்போது பிடிபடுகின்றன. சாயத்தோடு கலந்து, எதற்கும் உதவாமல் போன கலப்பு உப்பு சுத்திகரிப்பு நிலையங்களில் சேருகிறது. மழையில் நனைந்து மறுபடி ஆற்றுக்கு ஓடிவிடாதபடி அதை மூட்டை கட்டி, கொட்டகை போட்டுக் காக்க வேண்டியிருக்கிறது.