கியூ.ஆர். குறியீட்டை இயந்திரம் வாசிக்கும் முறை

2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி தொடக்கம் இலங்கை முழுவதிலும் எரிபொருள், கியூ.ஆர். குறியீட்டின்படி பங்கிடப்பட்டது. அப்பொழுது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றர் கிடைத்தது. 2023 செப்டெம்பரில் அம்முறை நீக்கப்பட்டதாயினும், பணக் கொடுப்பனவு முதலியவற்றில் இக்குறியீடு வழக்கிலுள்ளது. குறிகட்டுவானில் படகேறும் நெடுந்தீவு, நயினாதீவுக் கமக்காரரின் தாள்களில் உவர்நீர் தெறிப்பது புதிதன்று. கறைபட்ட தாள் ஏற்கப்படுவதும், துப்புரவான தாள் மறுக்கப்படுவதும் ஏன்?

1994இல் யப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தார், மோட்டார் உதிரிப்பாகங்களைக் கணக்கிட இக்குறியீட்டை ஆக்கினர். கத்தரிக்குப் பாத்தி பிடித்த தோட்டம் போல இது சிறு கட்டங்களாலானது. மிகச் சிறியதில் 21 வரிசையும், வரிசைக்கு 21 கட்டங்களும் உள.

கணினி நிரல் முதலில் படத்தின் நிறங்களை விலக்கி, ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பு அல்லது வெள்ளை எனத் தீர்மானிக்கும். பின்னர், நில அளவையாளர் எல்லைக்கல்லைத் தேடுவதுபோல, மூன்று மூலைகளிலுமுள்ள பெருஞ் சதுரங்களைத் தேடும். அச்சதுரத்தின் நடுவே எப்பக்கமாகக் கோடிழுப்பினும் கறுப்பு 1, வெள்ளை 1, கறுப்பு 3, வெள்ளை 1, கறுப்பு 1 என்னும் பங்கு மாறாது. ஆதலால் தலைகீழாகப் பிடித்த படமும் அகப்படும். நான்காம் மூலையில் அச்சதுரம் இல்லாமையே திசையைக் காட்டும். அதன்பின் நிரல் படத்தின் சாய்வைத் திருத்தி, கட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்து, எழுத்துக்களாக மாற்றும். ஓப்பன் சி.வி. என்னும் இலவச நிரற்றொகுதியைக் கொண்டு, பைதன் மொழியில் நாலைந்து வரிகளில் இதனைச் செய்விக்கலாம். கணினி பயிலும் பிள்ளைகளுக்கும் இது இயலும்.

கட்டங்களில் செய்தியோடு திருத்தக் கணக்கும் சேர்க்கப்பட்டிருக்கும். அச்சிட்ட தரத்திற்கேற்ப, ஏறக்குறைய 7 முதல் 30 சதவீதம் வரை செய்தி சிதைந்தாலும் அது மீட்கப்படும். கறைபட்ட தாள் ஏற்கப்படுவது இதனாலேயே. மூலைச் சதுரங்களுக்கு இக்காப்பு இல்லை. எல்லைக்கல் பெயர்ந்தால் அளவை தொடங்காது. ஆகவே தாளை மடிக்கும்போது மடிப்பு மூலைச் சதுரத்தில் விழலாகாது. சுற்றியுள்ள வெள்ளை ஓரம் நான்கு கட்ட அகலமேனும் இருத்தல் வேண்டும். அழகுக்காக அதனை வெட்டுவோர் பலர். படமெடுக்கையில் கைந்நிழலும் வெயிலின் பளபளப்பும் குறியீட்டின்மேல் விழாதிருத்தல் நன்று.

பிரதியையும் மூலத்தையும் நிரல் வேறுபிரித்தறியாது. ஒதுக்கீட்டுக் குறியீட்டின் படத்தை அயலாரின் தொலைபேசிக்கு அனுப்புதல், பங்கையே அவரிடம் ஒப்படைப்பதாகும்.