பழைய கணினியும் புதிய முறைமையும்

பழுதின்றி இயங்கும் ஒரு பொருளை எதற்காக மாற்றவேண்டும் என்பது நம்மவர் இயல்பாக எழுப்பும் வினா. சிக்கனத்தாற் பிறந்த இவ்வினா இகழத்தக்கதன்று. துவிச்சக்கர வண்டியும் தையற்பொறியும் இரண்டு தலைமுறைக்கு உழைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், கணினியைப் பொறுத்தவரை இதற்கு விடை கூறுமுன், அது ஏனைய பொறிகளினின்றும் வேறுபடும் இடம் யாதென அறிதல் வேண்டும். அதனை விளக்குதலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியின் உறுப்புகளை ஒன்றோடொன்று இணக்கி, நாம் இடும் ஏவல்களை நிறைவேற்றுவிக்கும் அடிப்படை மென்பொருளே பணிசெயல் முறைமை எனப்படுவது. விண்டோஸ், உபுண்டு முதலியன இவ்வகையின. தையற்பொறி பழையதாகுங்கால் அதன் பற்சில்லுகள் தேயும். தேய்வை நாமே கண்ணாற் காண்போம். மென்பொருளோ தேய்வதில்லை. பத்தாண்டுக்கு முன் எழுதப்பட்டது இன்றும் எழுத்துப் பிசகாது அவ்வாறே இருக்கும். ஆனால் அதிலுள்ள குறைகளைப் புறத்தேயுள்ளோர் நாளுக்குநாள் கண்டறிந்து வருவர். கண்டறிந்தவன் நல்லவனாயின் செய்த நிறுவனத்துக்கு அறிவிப்பான்; நிறுவனம் திருத்தத்தை அனுப்பும். தீயவனாயின் அவ்வழியே நுழைவான். ஆகவே, கணினி நன்றாக ஓடுகிறதா என்று கேட்பது மட்டும் போதாது. அதன் ஓட்டைகளை அடைப்பார் இன்னும் உளரா என்றும் கேட்டல் வேண்டும்.

இதன் உண்மையை உலகம் 2017ஆம் ஆண்டு மே மாதத்திற் கண்டது. ‘வன்னாக்கிறை’ எனப்பட்ட தீநிரல் ஏறக்குறைய 150 நாடுகளிற் பரவி, கணினிகளிலிருந்த கோப்புகளைப் பூட்டிவைத்து, திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது வைத்தியசாலைகள் பலவற்றில் நோயாளருக்குக் குறித்த தவணைகளும் சிகிச்சைகளும் தடைப்பட்டன. அந்நிரல் நுழைந்த ஓட்டைக்குரிய திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் மாதத்தில், வெளியிட்டிருந்தது. தாக்குண்டவற்றுட் பெரும்பாலானவை திருத்தம் கிடைத்தும் அதனை ஏற்றாத விண்டோஸ் 7 கணினிகளே. விண்டோஸ் எக்ஸ்பி முறைமைக்கோ 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தோடு ஆதரவு முடிந்துவிட்டது. தாக்குதல் நிகழ்ந்த பின்னரே அதற்கு விதிவிலக்காகத் திருத்தம் வழங்கப்பட்டது. ஆதலின், ஆதரவு உள்ள முறைமையை வைத்திருத்தல், வரும் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுதல் ஆகிய இரண்டும் ஒருங்கே வேண்டப்படுவன.

இனி நம் கைக்கண்மையிலுள்ள செய்திக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு யூலை மாதம் வெளிவந்த விண்டோஸ் 10 முறைமைக்குரிய இலவச ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிந்தது. அன்றோடு அக்கணினிகள் நின்றுவிடவில்லை, முன்போலவே இயங்கின. இதுவே பலரை மயக்குவது. இதற்கு அடுத்ததான விண்டோஸ் 11 தகுதியுள்ள கணினிகளுக்கு இலவசமாகவே கிடைத்ததாயினும், அத்தகுதி எளிதன்று. 4 கிகாபைற் நினைவகமும் 64 கிகாபைற் சேமிப்பிடமும் பெரும்பாலான கணினிகளில் உண்டு. மறைகுறிச் சாவிகளைத் தனியே காத்துவைக்கும் ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், அனுமதிக்கப்பட்ட செயலியுமே தடையாவன. இன்டெல் செயலிகளில், மிகச் சில நீங்கலாக, எட்டாந் தலைமுறைக்கு முற்பட்டவை ஏற்கப்படவில்லை. அத்தலைமுறை 2017ஆம் ஆண்டிலேயே வெளிவரத் தொடங்கியமையால், அதற்கு முன் வாங்கிய நல்ல கணினிகள் பலவும் விலக்கப்பட்டன.

தகுதியற்ற கணினியை என் செய்வது? குப்பையில் இடுதல் வேண்டா. வழிகள் மூன்று உள. முதலாவது, நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுதல். 2025இல் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, வீட்டுப் பாவனையாளருக்கு இது 2026ஆம் ஆண்டு ஒக்டோபர் 13 வரைக்குமானது. கல்வி நிறுவனங்களுக்கோ கணினி ஒன்றுக்கு முதலாண்டில் 1 டொலர், இரண்டாமாண்டில் 2 டொலர், மூன்றாமாண்டில் 4 டொலர் என மூன்றாண்டுக்கு வகுக்கப்பட்டது. இது தவணை வாங்குவதேயன்றித் தீர்வாகாது. இரண்டாவது, உபுண்டு போன்ற இலவச முறைமைக்கு மாறுதல். 2024ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளிவந்த உபுண்டு 24.04 பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. பென் டிரைவ் ஒன்றிலிருந்தே அதனை இயக்கிப் பார்த்து, அச்சுப்பொறி முதலியன ஒத்துவருகின்றனவா என்று அறிந்தபின் நிறுவலாம். மூன்றாவது, கணினியை இணையத்தினின்றும் பிரித்து, தட்டெழுத்துப் பழக்கம் போன்ற தனிப்பணிக்கு ஒதுக்குதல். பிறர் கொணரும் பென் டிரைவ் வழியாகவும் தீநிரல் வரலாமாதலின், அங்கும் எச்சரிக்கை வேண்டும்.

எக்கணினிக்கு எவ்வழி என்பதை அதனுள் இருப்பது கொண்டு தீர்மானித்தலே முறையாகும். மாணவர் புள்ளிகளும் பிள்ளைகளின் விலாசங்களும் வங்கிக் கணக்கும் உள்ள அலுவலகக் கணினியே முதற்கண் கவனிக்கப்பட வேண்டியது. அங்கே சிக்கனம் பார்த்தல் கூடாது. இழப்பது நம்முடைய பொருளன்று, நம்மை நம்பினோருடையது. இதற்கு மாறாக, குறித்த ஓர் ஆய்வுகூடக் கருவியையோ பழைய கணக்கு மென்பொருளையோ இயக்கும் கணினியை அவசரப்பட்டு மாற்றினால் அக்கருவியே பயனற்றுப் போகலாம். அம்மென்பொருள் புதிய முறைமையில் இயங்குமா எனக் கேட்டறியும்வரை அதனை இணையத்தோடு இணையாது வைத்தல் நன்று.

மாற்றுவதென்று துணிந்தபின்னும் செய்யவேண்டிய கடமைகள் சில உள. வெள்ளம் வருமுன் அணை கோலுதல்போல, கோப்புகள் அனைத்துக்கும் வேறோர் இடத்திற் பிரதி எடுத்தல் முதற்கடமை. எடுத்த பிரதியைப் பிறிதொரு கணினியிலே திறந்து பார்த்தல் இரண்டாவது. திறவாத பிரதி இல்லாத பிரதிக்கு ஒப்பாகும். விண்டோஸ் 10இலிருந்து 11க்கு உயர்த்தியபின் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்ப இடமுண்டு என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றை அழுத்திக் கூறுதல் என் கடன். நம் வினாத்தாள்களும் மலர்க் கட்டுரைகளும் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலே தட்டெழுதப்பட்டவை. அவற்றுட் சேமிக்கப்பட்டிருப்பன உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே; எழுத்துருவே அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருகின்றது. முறைமையை முற்றாக அழித்துப் புதிதாக நிறுவும்போது அவ்வெழுத்துரு நீங்கிவிடின், தாள் முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தோன்றும். ஆதலால், எழுத்துருக் கோப்புகளையும் பிரதியெடுத்தல் வேண்டும். அருமையான ஆவணங்களை யுனிக்கோட் எனப்படும் ஒருங்குறிக்கு மாற்றுதல் அதனினும் நன்று. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழ் ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டது. அவ்வாறு எழுதியது எம்முறைமையிலும் தமிழாகவே நிற்கும்.

இறுதியாக, கல்லூரி அன்னைக்குக் கணினிகளை உவந்தளிக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த கணினிகள் மலிவாகக் கிடைக்கும்போது, எத்தனை என்று எண்ணுமுன், அவற்றின் செயலி எத்தலைமுறையது, ரி.பி.எம். 2.0 உண்டா, எவ்வாண்டு வரை அதன் முறைமைக்குத் திருத்தம் வரும் என்னும் மூன்றையும் கேட்டறியுங்கள். நான்காண்டு ஆதரவுள்ள ஐந்து கணினிகள், ஆதரவு முடிந்த இருபதினும் மாணவருக்கு நீண்ட நாள் உதவும். நீங்கள் ஈட்டிய பொருளும் அவர்கள் எழுதும் எழுத்தும் வீண்போகாதிருக்க இவ்விசாரணை ஒன்றே போதுமானது.