வயிற்றுக்குத் தெரியுமா இரவு ஷிப்டு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவிலும் எந்திரங்கள் ஓடும் ஆலைகள் உண்டு. திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் வேலைக்காரர்கள் ஷிப்டு மாறி வருகிறார்கள். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. மனிதன் மாறிவிடுகிறான். அவன் வயிறு அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை!

ஏன்? ஒரு கவளம் சோற்றின் பின்னால் போய்ப் பார்ப்போம்.

முதல் வேலை வாய்க்கு

பல் அரைக்கிறது. உமிழ்நீர் நனைக்கிறது. வெறும் சோற்றை நன்றாக மென்று பாருங்கள். சிறிது நேரத்தில் இனிக்கும்! சோற்றில் உள்ள மாவுச்சத்தை உமிழ்நீர் சர்க்கரையாக மாற்றத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அவசரமாக விழுங்கினால் வாயின் வேலையும் வயிற்றின் தலையில் விழும்.

அடுத்தது உணவுக்குழாய். நீளம் சுமார் 10 அங்குலம். அதன் தசைகள் சுருங்கிச் சுருங்கிச் சோற்றைத் தள்ளுகின்றன. தலைகீழாக நின்றாலும் உணவு உள்ளேதான் போகும்!

இரைப்பையில் அமிலம்

இரும்பின் துருவைப் போக்க ஆலைகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுகிறது. அதே அமிலம் நம் இரைப்பையிலும் சுரக்கிறது! அது இரைப்பையையே ஏன் அரித்துவிடவில்லை? உள்சுவரில் கோழை போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. அதுதான் காவல்.

இரைப்பை உணவைக் கடைந்து கூழாக்குகிறது. இதற்கு 2 முதல் 4 மணி நேரம் ஆகும். எண்ணெய்ப் பண்டம் என்றால் இன்னும் அதிகம்.

20 அடிக் குழாய்

கூழ் மெல்ல மெல்லச் சிறுகுடலுக்குப் போகிறது. சிறுகுடலின் நீளம் சுமார் 20 அடி. ஈரலிலிருந்து பித்தநீரும் கணையத்திலிருந்து கணையநீரும் அங்கே வந்து சேருகின்றன. பித்தநீர் எண்ணெயைச் சிறு துளிகளாக்குகிறது. கணையநீர் சத்துக்களைப் பிரிக்கிறது. வெல்வெட் துணி போன்ற குடல் சுவர் அவற்றை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டுவது இங்கேதான்!

மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. அதன் நீளம் சுமார் 5 அடி. அங்கே தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. சக்கை வெளியேறுகிறது. வாயிலிருந்து கடைசி வரை இந்தப் பயணத்துக்கு 1 நாள் முதல் 3 நாள் வரை ஆகலாம்.

இரவில் என்ன கோளாறு?

மூளைக்குள் ஒரு கடிகாரம் உண்டு. பகல் வெளிச்சத்தைப் பார்த்து அது நேரம் வைத்துக்கொள்கிறது. இரவு வந்தால் உமிழ்நீர் குறைகிறது. இரைப்பை மெதுவாக வேலை செய்கிறது. நள்ளிரவில் வயிறு நிறையப் பரோட்டா தின்றால் அது அப்படியே கிடக்கும். காலையில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையோடு படுத்தால் அமிலம் மேலே ஏறும். அதுதான் நெஞ்செரிச்சல்.

கிருமியைக் குடித்த டாக்டர்

வயிற்றுப் புண்ணுக்குக் காரம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கவலைதான் காரணம் என்று டாக்டர்களும் ஒரு காலத்தில் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி மார்ஷல் என்ற டாக்டர் இதை ஏற்கவில்லை. "ஒரு கிருமிதான் காரணம்" என்றார். யாரும் நம்பவில்லை. 1984-ல் அந்தக் கிருமியை வளர்த்துத் தாமே குடித்துவிட்டார்! சில நாட்களில் வாந்தி வந்தது. இரைப்பை அழன்றுபோனது. 2005-ல் அவருக்கும் ராபின் வாரன் என்ற டாக்டருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கிருமியை மருந்தால் ஒழிக்கலாம். புண்ணும் ஆறும்.

புண்ணுக்கு இன்னொரு முக்கிய காரணம் வலி மாத்திரை. ஷிப்டு முடிந்து உடம்பு வலிக்கிறது என்று கடையில் வாங்கி விழுங்குகிறார்கள். அதுவும் பலர் வெறும் வயிற்றில்! இரைப்பையின் காவல் பூச்சை வலி மாத்திரை பலவீனமாக்குகிறது. டாக்டரைக் கேட்காமல் நாள்தோறும் சாப்பிடக்கூடாது. மலம் தார் போலக் கறுத்துப் போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்கவேண்டும். இரத்த வாந்தியும் அப்படியே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து!

என்ன செய்யலாம்?

வேலைக்குப் புறப்படும் முன்பு வீட்டிலேயே நன்றாகச் சாப்பிடுங்கள். நள்ளிரவில் இட்லி, மோர்ச்சோறு, வாழைப்பழம் போல லேசாக ஏதாவது போதும். தூக்கம் போக்க டீக்கு மேல் டீ குடிக்காமல் தண்ணீர் குடியுங்கள். காலையில் வந்ததும் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பிறகு குளித்து, குழந்தைகளோடு பேசி, சற்று நேரம் கழித்துப் படுங்கள். தலைப் பக்கம் உயரமாக இருக்கட்டும்.

தூக்குச்சட்டியில் சோறு கட்டும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அது திறக்கப்படாமல் திரும்பி வந்தால் கோபிக்காதீர்கள். "வயிறு எரிகிறதா?" என்று கேளுங்கள். பல ஆண்கள் அதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள்!