வண்டிக் கொட்டிலுக்கு ஏற்ற கதவு

வீடு கட்டுவோர் தலைவாயிற் கதவின் மரத்தைப் பற்றியும் வேலைப்பாட்டைப் பற்றியும் பல நாள் சிந்திக்கின்றனர். மோட்டார் வண்டி நிற்கும் கொட்டிலின் கதவையோ, வேலை முடியும் தறுவாயில், மீந்த பணத்துக்குக் கிடைப்பதை வாங்கி மாட்டிவிடுகின்றனர். ஆயினும் கொட்டில் வீட்டோடு ஒட்டியிருப்பின், வீட்டின் திறப்புகளுள் மிகப் பெரியது பெரும்பாலும் அதுவே. உப்புவெளி போன்ற கடலோர ஊரில் அக்கதவை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் நோக்கவேண்டியது காற்று. 1964 டிசம்பரில் திருகோணமலைப் பக்கமாக இலங்கைக்குள் நுழைந்து, பின்னர் தனுஷ்கோடியை அழித்த சூறாவளியையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியையும் நாம் மறத்தற்கில்லை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் நேரே வீசும் காற்று, 8 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள கதவின்மீது ஏறக்குறைய 350 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையைச் செலுத்தும். கதவு பெயர்ந்தால், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று அதே கூரையை மேல்நோக்கி இழுக்கும். 1992 இல் அமெரிக்காவின் புளோரிடாவைத் தாக்கிய அன்ட்ரூ சூறாவளியில் வீடுகள் பல இவ்வாறே கூரையிழந்தன. ஆகவே கதவைக் காப்பது கூரையைக் காப்பதாகும்.

இனி, கதவின் வகைகள். இரு சிறகாகத் திறக்கும் கதவு எளியது. எந்தத் தச்சரும் செப்பனிடக் கூடியது. ஆனால் அது திறக்க முற்றத்தில் இடம் வேண்டும். மேலும் கீழும் உறுதியான தாழ்ப்பாள் இல்லையேல் வாடைக்காற்று அதனை அறைந்து உடைத்துவிடும். பக்கமாக நகரும் கதவுக்குத் தரையில் தண்டவாளம் இடின் மணல் அடைத்துக்கொள்ளும். மேலிருந்து தொங்குமாறு அமைத்தல் நன்று. சுருள் கதவு மிகக் குறைந்த இடத்தில் அடங்கும். ஆனால் அகலம் கூடக்கூட அது காற்றில் வளையும். அதன் ஓரங்கள் பக்கச் சட்டத்தினுள் ஆழமாகப் பொருந்தியிருத்தல் அவசியம். துண்டு துண்டாக மடங்கி மேலெழும் கதவு 1921 இல் அமெரிக்காவில் தோன்றியது. அதன் எடையைத் தாங்கும் வில்சுருள் பெரும் இழுவிசையுடன் நிற்பது; அதனை அனுபவமற்றோர் கழற்ற முற்படலாகாது.

அடுத்தது உப்பு. கடற்காற்றின் உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்திருக்கும். அவ்வீரத்தில் வெறும் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். நாகம் பூசிய உருக்கின்மேல் நல்ல வர்ணமும் பூசினால் நெடுங்காலம் உழைக்கும். அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடியாது. எனினும் அதில் இரும்புத் திருகாணியை முடுக்கினால், இரு உலோகங்களும் உப்பீரமும் சேர்ந்து அரிப்பை உண்டாக்கும்; துருவேறா உருக்குத் திருகாணியே தக்கது. முதிரை, தேக்கு முதலிய மரங்கள் உப்புக்கு அஞ்சா. ஆனால் மழைக்காலத்தில் சிறிது பருக்கும் என்பதால் இடைவெளி விட்டே பொருத்தவேண்டும். எக்கதவாயினும் இடையிடையே நன்னீரால் கழுவி உப்பைப் போக்குதல் வேண்டும்.

மின்னியந்திரத்தால் இயங்கும் கதவை வாங்குவோர் இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டும். கீழே ஒரு குழந்தை நின்றால் கதவு தானே திரும்பி மேலெழுமா? மின்சாரம் நின்றால் கையால் திறக்க இயலுமா? இவ்விரண்டுக்கும் ஆம் என்ற விடை கிடைக்காவிடின் அதனை வாங்காதிருப்பதே அறிவுடைமை. இன்னொன்று: மூடிய கொட்டிலில் வண்டியின் இயந்திரத்தை இயக்குதல் ஆகாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு. கதவிலோ சுவரிலோ காற்றோட்டம் இருப்பினும் இவ்விதியைத் தளர்த்தலாகாது.

கதவுக்குச் சொல்லப்படும் விலையோடு சட்டம், திருகாணி, பிணைச்சல் ஆகியவற்றின் தரத்தையும் கேட்டறியுங்கள். பலகை எத்துணை வலியதாயினும், அதனைச் சுவரோடு பிணைக்கும் சிறு ஆணி அற்றுப்போனால் பயனில்லை. மாரி தொடங்குமுன், ஆண்டுதோறும் ஐப்பசிக்குள், அவ்வாணிகளை ஒருமுறை சோதித்து இறுக்கிவிடுங்கள்.