லினக்சை நிறுவுமுன் வன்தட்டைப் பகுத்தல்

கணிப்பொறியில் இயங்குதளம் ஒன்றை நிறுவப் புகுவார் முதற்கண் செய்யத்தக்கது வன்தட்டைப் பகுதிகளாக வகுத்தலாம். இயங்குதளத்தோடு விற்கப்படும் பொறிகளில் இவ்வேலை முன்னரே முடிக்கப்பட்டிருத்தலின், அவற்றை வாங்குவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. லினக்சை நாமே நிறுவும்பொழுதோ, தட்டை எவ்வாறு பகுப்பது என்னும் வினா தொடக்கத்திலேயே எழுகின்றது. பல்லாண்டு உழைத்துத் தொகுத்த பாடவேறுபாடுகளும் சொல்லடைவுகளும் எழுதி முடியாத ஆய்வேடும் இன்று இத்தட்டிலேயே உறைகின்றன. ஆதலின் இவ்வினா பொறிவல்லார்க்கு மட்டும் உரியதன்று, தமிழாய்வார்க்கும் உரியதேயாம்.

பகுத்தல் என்பது தட்டை வெட்டுதல் அன்று. இன்ன எண்ணுள்ள கட்டத்தில் தொடங்கி இன்ன எண்ணுள்ள கட்டத்தில் முடிவது ஒரு பகுதி எனத் தட்டின் தொடக்கத்தில் அட்டவணை எழுதி வைத்தலே பகுத்தலாகும். அவ்வட்டவணையில் பெருவழக்காயின இரண்டு. 1983-இல் வழக்கிற்கு வந்த எம்.பி.ஆர். என்பது பழையது. அது முதன்மைப் பகுதிகள் நான்கிற்கே இடந்தரும். மேலும் வேண்டின், நான்கனுள் ஒன்றை விரிபகுதியாக்கி அதனுள் உட்பகுதிகள் அமைத்தல் வேண்டும். கட்டம் ஒன்று 512 பைட்டாயின், ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தைச் சுட்டவும் அதற்கு இயலாது. பின்வந்த ஜி.பி.டி. என்பதோ வழக்கமாக 128 பகுதிகளுக்கு இடந்தருவதுடன், தன் படியொன்றைத் தட்டின் இறுதியிலும் வைத்துக்கொள்கின்றது. முன்னது பழுதுறின் பின்னது கொண்டு மீட்டல் கூடும். யு.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்கும் இக்காலப் பொறிகளுக்கு ஜி.பி.டி.யே ஏற்றது.

இனி, வேண்டப்படும் பகுதிகள் யாவை எனக் காண்போம். முதலாவது இ.எஃப்.ஐ. பகுதி, பொறி இயங்கத் தொடங்கியவுடன் நாடும் தொடக்கநிரல்கள் இதன்கண் உள்ளன. இரண்டாவது 'ரூட்' எனப்படும் வேர்ப்பகுதி. இயங்குதளமும் மென்பொருள்களும் இதில் தங்கும். மூன்றாவது 'சுவாப்' எனப்படும் மாற்றிடப் பகுதி. நினைவகம் போதாதபோது துணைசெய்வது. செய்யும் வேலையை அப்படியே தட்டில் எழுதிவைத்துப் பொறியை அணைக்க விரும்புவார்க்கு, இது நினைவகத்தின் அளவினதாதல் நன்று. நான்காவது 'ஹோம்' எனப்படும் இல்லப்பகுதி. நம் கோப்புகள் யாவும் இதன்கண் அமையும்.

வேரும் இல்லமும் ஒரே பகுதியாக இருத்தலும் கூடும். டெபியன் என்னும் லினக்சு வகையின் நிறுவுநிரல், புதியோர்க்கு அம்முறையையே பரிந்துரைக்கின்றது. எளிமை கருதிய பரிந்துரை அது. எனினும், ஆய்வாளர் இல்லப்பகுதியைத் தனியே வகுத்தலே தக்கது என்பது எம் துணிபு. என்னை? இயங்குதளம் மாறும் இயல்பினது. உபுண்டுவின் நெடுங்காலப் பதிப்பு ஈராண்டுக்கு ஒருமுறை வெளிவருகின்றது. ஆய்வோ பத்தாண்டும் தொடரும். இரண்டும் தனித்தனியே இருப்பின், வேர்ப்பகுதியை மட்டும் அழித்துப் புதியதை நிறுவலாம். இல்லப்பகுதியை அழிக்காது அப்படியே இணைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு தடை கூறுவாரும் உளர். வேர்ப்பகுதி நிரம்பியபோது, இல்லப்பகுதியில் இடமிருந்தும் பயன்படாதன்றோ என்பர். அது மெய்யே. எல்லையைப் பின்னர் நகர்த்துதலும் எளிதன்று. ஒரு பகுதியின் தொடக்கத்தை நகர்த்தின், அதனுள் உள்ளவை யாவும் இடம்பெயர்தல் வேண்டும். இடையே மின்சாரம் தடைப்படின் அழிவு நேரும். ஆகவே முதலிலேயே அளவறிந்து வகுத்தல் இன்றியமையாதது. எடுத்துக்காட்டாக, 500 கிகாபைட்டு எனக் குறிக்கப்பட்ட தட்டு, 1024-இன் மடங்குகளால் எண்ணும் கருவிகளில் ஏறத்தாழ 465 என்றே தோன்றும். அதில் இ.எஃப்.ஐ. பகுதிக்கு 1, வேருக்கு 60, 16 கிகாபைட்டு நினைவகமுள்ள பொறியாயின் மாற்றிடத்திற்கு 16, எஞ்சிய 388 இல்லத்திற்கு எனக் கொள்ளலாம். எழுத்துப் பணியே மிகுதியாகச் செய்வார்க்கு 60 என்பது போதிய அளவாம்.

விண்டோசு முன்னரே உள்ள பொறியாயின், அதன் பகுதியை விண்டோசின் கருவி கொண்டே சுருக்குதல் நன்று. தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின், மீட்புத் திறவுகோலை முன்னரே வேறிடத்தில் குறித்துக்கொள்ளல் வேண்டும். அங்குள்ள இ.எஃப்.ஐ. பகுதியை இரு தளங்களும் பொதுவாக ஆளும். அதனை அழித்தல் ஆகாது. ஜிபார்ட்டெட் போன்ற கருவிகளில், நாம் செய்யும் மாற்றங்கள் இறுதி ஆணை கொடுக்கும் வரை தட்டில் எழுதப்படுவதில்லை. அவ்வாணைக்கு முன், தட்டின் பெயரையும் அளவையும் மீண்டும் ஒப்புநோக்குதல் கடனாம். வெளித்தட்டொன்று இணைந்திருப்பின் ஒன்றை மற்றொன்றாக மயங்குதற்கு இடமுண்டு.

இறுதியாக ஒன்று. பகுத்தல் வேறு, காத்தல் வேறு. பகுதிகள் பலவாயினும் தட்டு ஒன்றே. அது பழுதுறின் எல்லாப் பகுதிகளும் ஒருங்கே கெடும். ஆதலின் பகுக்கத் தொடங்குமுன், கோப்புகள் அனைத்தையும் வெளித்தட்டொன்றில் படியெடுத்து, அப்படியைத் திறந்து சரிபார்த்து, பின் அத்தட்டைப் பொறியினின்று கழற்றி வைத்தல் வேண்டும். இல்லப்பகுதியைத் தனியே வகுத்தல் இயங்குதள மாற்றத்தினின்று ஆய்வைக் காக்கும். தட்டின் அழிவினின்று அதனைக் காப்பது இப்படியேயாம்.