மூளையிலும் துரு ஏறுமா?

மூன்றாம் ஆண்டு, வேதியியல்

உயிர் வாழ ஆக்ஸிஜன் வேண்டும். அந்த ஆக்ஸிஜனே நம்மைச் சிறுகச் சிறுக அரிக்கவும் செய்கிறது என்றால் வியப்பாக இருக்கும். மழையில் கிடந்த ஆணி துருப்பிடிக்கிறது. அரிந்து வைத்த வாழைக்காய் கறுக்கிறது. தீபாவளி முறுக்கு நாள்பட்டால் காறல் வாடை அடிக்கிறது. இம்மூன்றும் ஆக்ஸிஜனேற்றத்தின் வேலையே. இவ்வினை நம் மூளைக்குள்ளும் நடக்கிறது. அதற்கும் மனச்சோர்வு என்னும் நோய்க்கும் உள்ள தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனச்சோர்வு எது?

தேர்வு நெருங்கும்போது வரும் படபடப்பையும் ‘மன அழுத்தம்’ என்கிறோம். எதிலும் நாட்டமின்றி ஒருவர் முடங்கிப்போவதையும் அச்சொல்லாலேயே குறிக்கிறோம். பின்னதே மனச்சோர்வு. துயரமோ நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதியும் நீடித்து, உறக்கம், பசி, கவனம் ஆகியவையும் குலைந்தால் மருத்துவர் அதனை நோயாகக் கருதுவார்.

என் தமையனாருக்கு இந்நோய் வந்தபோது உறவினர் ஒருவர், “எல்லாம் சோம்பல்” என்றார். இன்னொருவர் மூளைக்கு வலுவூட்டும் டானிக் என்று ஒரு புட்டியை வாங்கி வந்தார். இவ்விரண்டு தீர்ப்புகளும் சரிதானா என்று நான் படிக்கும் வேதியியலின் துணைகொண்டு ஆராயப் புகுந்தேன்.

செல்லுக்குள் நடப்பது

நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களைப் பெற்று நீராகிறது. இப்பணி மைட்டோகாண்ட்ரியாவில் நடைபெறுகிறது. சில வேளைகளில் ஒரே ஒரு எலக்ட்ரான் வழிதவறிச் சேர்ந்துவிடும். அப்போது சூப்பராக்ஸைடு என்னும் தனி உறுப்பு தோன்றுகிறது. அது ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாறும். அங்கே இரும்பு அயனி இருந்துவிட்டால், 1894-இல் ஃபென்டன் கண்ட வினைப்படி, எதையும் தாக்கவல்ல ஹைட்ராக்ஸில் உறுப்பு பிறக்கிறது.

இதற்குக் காவலும் உண்டு. சூப்பராக்ஸைடை அடக்கும் நொதியை மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969-இல் அறிவித்தனர். கேடலேஸ் என்னும் நொதி ஹைட்ரஜன் பெராக்ஸைடை நீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கிறது. ஓர் உருளைக்கிழங்குத் துண்டின்மேல் ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றினால் நுரை பொங்குவது இந்நொதியால்தான். தாக்குதல் மிகுந்து காவல் குறையும் நிலையை ‘ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்’ என்பர். ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் சீஸ் 1985-இல் இக்கருத்துக்கு வடிவம் தந்தார். பெயரில் அழுத்தம் இருப்பினும் இது மனத்தின் அழுத்தமன்று, செல்லின் அழுத்தம்.

மூளை ஏன் எளிதில் இலக்காகிறது?

மூளையின் எடை உடலெடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் உடல் பெறும் ஆக்ஸிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அது செலவிடுகிறது. அதில் எளிதில் காறிப்போகக்கூடிய நிறைவுறாக் கொழுப்பு மிகுதி, இரும்பும் உண்டு, கேடலேஸோ குறைவு. மேலும், செரோட்டோனின், டோபமின் போன்ற நரம்புச் செய்தியாளர்களை மோனோ அமீன் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி சிதைக்கும்போதெல்லாம் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகிறது. கனடாவின் டொராண்டோ நகரில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வொன்றில், மனச்சோர்வுற்றோர் மூளையில் இந்நொதியின் ஒரு வகை சராசரியாக 34 விழுக்காடு மிகுந்திருந்தது.

கெட்டுப்போன எண்ணெயைச் சோதிக்கத் தயோபார்பிட்யூரிக் அமிலத்தைச் சேர்ப்பார்கள். இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அதே சோதனையை மனிதக் குருதியிலும் செய்யலாம். மனச்சோர்வுற்றோரிடம் இத்தகைய கொழுப்புச் சிதைவின் அடையாளங்களும், டி.என்.ஏ. சிதைவின் அடையாளங்களும் மற்றவரைவிடச் சராசரியில் மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வும் இதனையே உறுதி செய்தது.

காரணமா, விளைவா?

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். மனச்சோர்வுற்றவர் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை, சிலர் புகைபிடிக்கின்றனர். இவையே ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை. ஆகவே அழுத்தம் நோயைத் தந்ததா, நோய் அழுத்தத்தைத் தந்ததா என்பது தீர்ந்துவிடவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழலாகவும் இருக்கலாம்.

அப்படியாயின் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு மாத்திரை உண்டால் போதாதா? ஆஸ்திரேலியாவில் 252 நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு என்-அசிட்டைல் சிஸ்டீன் கொடுத்துச் சோதித்து, 2014-இல் முடிவை வெளியிட்டனர். முதன்மை அளவுகோலாகக் கொண்ட 12-ஆம் வாரத்தில், வெற்று மாத்திரை உண்டவரைவிட அவர்கள் தெளிவான மேன்மை பெறவில்லை. 16-ஆம் வாரத்தில் ஓரளவு பயன் தெரிந்தது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்த சோதனையிலோ (1994) நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகக் கூடியது! நல்லது என்று பெயரெடுத்த பொருளும் தீங்கு செய்யலாம் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

எனவே சோம்பல் என்ற சொல்லும் பொருந்தாது, டானிக் புட்டியும் போதாது. இரும்பில் துரு ஏறினால் இரும்பை யாரும் ஏசுவதில்லை. மூளையின் நோய்க்கு மட்டும் மனிதரை ஏசுவது எவ்வகையில் நியாயம்? மருத்துவம், மனநல ஆலோசனை, முறையான உறக்கம், உடற்பயிற்சி ஆகியவை பயன் தரும் வழிகள். என் தமையனார் மருத்துவரிடம் சென்றார். இன்று வேலைக்குப் போய்வருகிறார்.

நம் வகுப்பிலும் விடுதியிலும் பேச்சுக் குறைந்து, உணவைத் தவிர்த்து, ஒதுங்கிப்போகும் நண்பர் எவரேனும் இருக்கலாம். அவரிடம் அறிவுரை கூறுமுன் அருகில் அமருங்கள். அவர் பேசுவதைக் கேளுங்கள். பின் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் செல்லுங்கள். 2022-இல் இந்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அந்த எண்ணை வகுப்பறைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைப்பது பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து செய்யக்கூடிய எளிய பணி.